பாதி பாரம்

மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில்
கரண்ட் போனது, பகல் பதினொன்று இருபதுக்கு.
பெரியாஸ்பத்திரி, பழைய கட்டடம், இரண்டாம் நம்பர் லிஃப்ட்.
ஸ்டூலில் நான்.
பதினோரு வருஷமாய் இந்தப் பெட்டிக்குள்
கிழக்கு மேற்கு இல்லாமல்
மேலும் கீழும் மட்டும் போய்வருகிறவன்.

அன்றைக்கு எடை மெஷின் ஒன்றும் ஏறியிருந்தது.
வார்டு மாறிப் போகிற பழைய முள் மெஷின்.
கால் வைக்க இடமில்லாமல்
ஜெபராணி சிஸ்டர் அதன் மேலேயே நின்றுகொண்டார்.
கிளம்பும்போது முள் ஐம்பத்தாறுக்குத் துள்ளியது.
"ஏண்ணே, ஏறுறதுக்குள்ள நாலு கிலோவா?"
நான் வாய் திறக்கும் முன்
ஐம்பத்திரண்டில் வந்து உட்கார்ந்தது.
ஒன்று, இரண்டு, மூன்று.
கம்பிக் கதவுக்கு வெளியே மாடிகள் நழுவிப் போயின.
முள் அசையவில்லை.
போய்க்கொண்டிருந்தோம். அதற்குத் தெரியவில்லை.

பிறகு இருட்டு. பிரேக் கடித்தது.
ஒரு நொடி குதிகால்கள் லேசாயின,
வயிறு மட்டும் மேலே போய்த் திரும்பியது.
செல்போன் வெளிச்சத்தை மெஷினில் அடித்தேன்:
ஐம்பத்திரண்டு.
சீராய்ப் போனாலும் ஐம்பத்திரண்டு,
நின்றாலும் ஐம்பத்திரண்டு.
கிளம்புவதையும் நிற்பதையும் மட்டுந்தான்
உடம்பு கணக்கில் எழுதுகிறது.

சக்கர நாற்காலியில் ஒச்சப்பன், உசிலம்பட்டிப் பக்கம்.
கீழேயே பார்த்திருந்தேன்.
மூத்தவன் பின்னாலிருந்து தள்ளுகிறான்: "இங்கயே பாத்துக்கிருவோம்."
இளையவன் முன்னால் நின்று மறிக்கிறான்: "பைபாஸ் ரோட்டுக்குக் கொண்டுபோவோம்."
சக்கரம் விரற்கடை நகரவில்லை.
பார்க்கிறவனுக்கு நாற்காலி சும்மா நிற்கிறது.
உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும்
ரெண்டு பக்கமும் எவ்வளவென்று.
அப்படியே உள்ளே தூக்கி வைத்தோம்.
இருட்டிலும் இருவரும் கையை எடுக்கவில்லை.

மேலே மோட்டார் அறையிலிருந்து துளசிராம் கூப்பிட்டான்.
"எத்தனை பேருண்ணே?"
"என்னோட எட்டு. ஒரு கைக்குழந்தை. ஒரு மெஷின்."
"பிரேக்க விட்டுட்டேன். இறங்குதா?"
"இல்ல."
"ஏறுதா?"
"இல்ல."
சிரித்தான். "அப்ப சரி. பாதி பாரம்."

எங்கள் முதுகுக்கும் சுவருக்கும் நடுவில்
இரும்புத் துண்டுகள் அடுக்கின எதிரெடை,
அதே கம்பியின் மறுமுனையில் தொங்குகிறது.
பெட்டி காலியென்றால் அது ஜெயிக்கும்.
பதினாறு பேரென்றால் நாங்கள்.
எட்டுப் பேருக்கு
ஜெயிப்பும் இல்லை தோற்பும் இல்லை,
பிரேக் இல்லாமலே அந்தரத்தில் நின்றோம்.
இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

குழந்தை அப்போது காலை உதைத்தது.
அந்த இரண்டே முக்கால் கிலோதான்
தராசைச் சாய்த்தது என்று சொல்ல
எனக்கும் ஆசைதான்.
அப்படியெல்லாம் நடக்கவில்லை.
துளசிராம் கைச்சக்கரத்தைப் பிடித்தான்.
முழுப் பாரத்துக்கு ரெண்டு ஆள் மூச்சு வாங்கும்,
இதுக்கு ஒரு கை போதும்,
மறு கையில வடை என்றான் பிற்பாடு.

மூன்றாம் மாடி
அங்குலம் அங்குலமாய் ஏறி வந்தது,
அல்லது நாங்கள் இறங்கினோம்.
முள்ளைக் கேட்டால் இரண்டும் இல்லை என்றிருக்கும்.

கதவைத் திறக்குமுன் பிரேக்கை மறுபடி போட்டான்.
இல்லாவிட்டால் ஆள் இறங்க இறங்க
பெட்டி தன்னால் மேலே கிளம்பிவிடும்.
குழந்தைக்காரி முதலில். டீ கேன் அடுத்து.
சிஸ்டர் மெஷினை இழுக்க, அது தரையோடு கொஞ்சம் அடம்பிடித்து
பிறகு சட்டென்று வந்தது.
கடைசியாய் நாற்காலி.

வராந்தா வெளிச்சத்தில் இளையவன்
வேர்வை துடைக்கக் கையை எடுத்தான்,
அவ்வளவுதான்.
நாற்காலி பாய்ந்தது.
ஒச்சப்பன் துண்டு பறக்க ரெண்டு கஜம் ஓடி
பெஞ்சு காலில் இடித்து நின்றது.

யாரும் கத்தவில்லை.
மூத்தவன் அங்கேயே நின்று
தன் இரண்டு உள்ளங்கைகளையும்
விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்,
இத்தனை நேரமும்
இவ்வளவா என்று.